மின்சாரம் நின்ற வீடு: குளிர்காலத்துக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டிய முடிவுகள்

குளிர்காலப் புயலுக்கு ஆயத்தமாவது என்றதும் பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழுவது ஒரு பொருட்பட்டியல்தான். டார்ச், பேட்டரி, கம்பளி, தண்ணீர், டப்பாவில் அடைத்த உணவு என்று அது நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியல் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் அவையெல்லாம் உண்டு. ஆனால் பெரும் புயல்களின்போது வீடுகளுக்குள்ளேயே நேர்ந்த இறப்புகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, பொருள் இல்லாமையைக் காட்டிலும், எந்த நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசித்து வைக்காததுதான் பெரிய ஆபத்து என்ற எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே வந்தது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய குளிர்ப்புயலை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றித் தவித்த அந்த நாட்களின் விளைவாக 246 பேர் இறந்தனர் என்று அம்மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குளிர் தாங்காமல் இறந்தவர்கள். வேறு சிலர் குளிரிலிருந்து தப்பிக்கக் கையாண்ட வழியாலேயே உயிரிழந்தார்கள். கராஜுக்குள் காரை ஓடவிட்டு வெப்பம் தேடியவர்களும், கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டியவர்களும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு இரையானார்கள். இவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. நடுங்கும் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு, இருட்டில், உறக்கமில்லாமல் முடிவெடுக்க நேர்ந்தவர்கள் அவர்கள்.

இதில் ஒரு கொடுமையான ஒற்றுமை இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது நடுக்கத்தோடு குழப்பமும் வருகிறது; விரல்கள் தடுமாறுகின்றன, பேச்சு குழறுகிறது, தூக்கம் கண்ணை அழுத்துகிறது, எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமே மங்கிப்போகிறது. கார்பன் மோனாக்சைடும் அதையேதான் செய்கிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைந்து, தலைவலி, குமட்டல், தலைசுற்றல், குழப்பம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குகிறது. ஆக, இந்த இரண்டு ஆபத்துகளும் முதலில் கை வைப்பது நம் யோசிக்கும் திறனில்தான். நிதானம் கைகூடாத நேரத்தில் புதிதாக யோசிக்க வேண்டிய நிலை வரவே கூடாது. கை கால் சூடாக இருக்கும்போதே, எல்லோரும் கூடி உட்கார்ந்து முடிவெடுத்து, அதை ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிட வேண்டும். ஆயத்தம் என்று நான் கருதுவது முதன்மையாக இந்தத் தாளைத்தான்.

எத்தனை நாட்களுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. வட அமெரிக்காவின் அவசரகால மேலாண்மைத் துறைகள் குறைந்தது 72 மணி நேரம் வெளியுதவி இல்லாமல் சமாளிக்கும் நிலையில் ஒவ்வொரு வீடும் இருக்க வேண்டும் என்கின்றன. அது தொடக்க அளவே என்பதற்கு 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், கிழக்கு ஒன்டாரியோ பகுதிகளையும் அமெரிக்காவின் வடகிழக்கையும் தாக்கிய உறைமழை சான்று. கீழே விழும்போது நீராகவே இருந்து, பட்ட இடத்தில் பனிக்கட்டியாகிவிடும் அந்த மழை நாள்கணக்கில் பெய்தது. கம்பிகளில் படிந்த பனிக்கட்டியின் எடை தாங்காமல் மின்கோபுரங்கள் வரிசையாக மடங்கி விழுந்தன. கம்பி அறுந்தால் சில மணி நேரத்தில் இணைத்துவிடலாம்; கோபுரமே சாய்ந்தால் அதை நிறுத்தி எழுப்புவதற்கு வாரங்கள் ஆகும். சில ஊர்களில் ஒரு மாதம் கழித்துத்தான் மின்சாரம் திரும்பியது. அதனால் என் கணக்கு இரண்டு அடுக்கு கொண்டது: மூன்று நாட்களுக்கு எதையும் தேடி வெளியே போக வேண்டாம் என்னும் அளவுக்குப் பொருள், அதற்கு மேல் நீடித்தால் எங்கே போவது என்னும் முடிவு. இந்த இரண்டாவதைப் பலர் எழுதி வைப்பதே இல்லை. வீட்டுக்குள் வெப்பநிலை எவ்வளவு இறங்கினால் கிளம்பிவிடுவோம், யார் வீட்டுக்கு, எந்த வழியில், அந்த வழி அடைபட்டிருந்தால் எங்கே என்பதை முன்பே பேசி வைக்காத குடும்பம், சாலைகள் மூடப்படும்வரை "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்" என்று காத்திருந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றி முதலில் எழுத வேண்டிய முடிவு, எந்த அறையில் எல்லோரும் ஒன்றாக இருப்பது என்பது. வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்க முயல்வது வீண். சிறிய அறை, கூரை தாழ்ந்த அறை, சன்னல்கள் குறைந்த அறை, முடிந்தால் பகலில் வெயில் விழும் பக்கத்தில் உள்ள அறை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்து, சன்னல்களில் இரவில் போர்வையைத் தொங்கவிட்டு, பகலில் வெயில் வரும்போது விலக்கிவிட்டால், மனிதர்களின் உடல் வெப்பமே அந்தச் சிறிய இடத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கும். தரையில் படுப்பவர்களுக்கு மேலே போடும் போர்வையைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம். குளிர்ந்த தரை உடலின் வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரே தடித்த உடையைவிட, இடையில் காற்று தங்கும்படி மெல்லிய உடைகள் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அணிவது மேல். வியர்வையில் நனைந்த உடையை உடனே மாற்ற வேண்டும். மது அருந்தினால் உடல் சூடாகும் என்ற நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது: அது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, வெதுவெதுப்பாக இருப்பது போன்ற உணர்வைத் தந்தபடியே உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது.

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் தாயார் எந்தக் குளிரிலும் "எனக்கு ஒண்ணும் இல்ல, பிள்ளைக்குப் போர்த்து" என்றுதான் சொல்வார். அது அன்பு மட்டுமன்று; வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறனும், நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் திறனும் குறைகின்றன. அதனால் அவர் சொல்லை நம்பி விட்டுவிடாமல், அவர் கையைப் பிடித்துப் பார்க்கிறோம். கழுத்துக்குக் கீழே, உடைக்குள் தொட்டுப் பார்க்கிறோம். ஒரு கேள்வி கேட்டு, பதில் தெளிவாக வருகிறதா என்று கவனிக்கிறோம். பேச்சு குழறினாலோ, இதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டாலோ அது முன்னேற்றமல்ல, அவசர மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டிய நிலை. கைக்குழந்தைகள் தங்கள் குளிரைச் சொல்லவே முடியாதவர்கள். தோல் சிவந்து குளிர்ந்திருப்பதும், வழக்கமான துறுதுறுப்பு இல்லாமல் சோர்ந்து கிடப்பதும் அவர்களிடம் காணும் அடையாளங்கள். உதவி வரும்வரை ஈர உடையைக் களைந்து, மார்பு, கழுத்து, தலை, இடுப்பு என்று உடலின் நடுப்பகுதியை முதலில் சூடாக்க வேண்டும். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. உறைந்து வெளுத்து மரத்துப்போன விரல்களையும் தேய்க்கக் கூடாது. மீண்டும் உறைந்துபோகும் அபாயம் இல்லை என்றால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி வைக்கலாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதால், நீரின் சூட்டை நலமாக உள்ள ஒருவர் தம் கையால் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எதை வீட்டுக்குள் எரிக்கக் கூடாது என்ற முடிவு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே இல்லை. கரியடுப்பு, வெளிப்புறச் சமையலுக்கான எரிவாயு அடுப்பு, முகாம் அடுப்பு, பெட்ரோல் ஜெனரேட்டர் ஆகிய எதுவும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கூடவே கூடாது. கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது, சன்னல் திறந்திருந்தாலும் கூடாது. சமையலறை எரிவாயு அடுப்பையோ ஓவனையோ அறையைச் சூடாக்கப் பயன்படுத்துவதும் இதில் அடங்கும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி எந்தக் கதவையும் சன்னலையும் நோக்காதபடி வைக்க வேண்டும். மழையும் பனியும் படாமல் காக்க வேண்டும் என்ற கவலையால் அதைச் சிறிது சிறிதாக வீட்டின் சுவரோரம் நகர்த்திக்கொண்டே வருவது எளிதில் நேரக்கூடியது. ஆகவே அது நிற்கும் இடத்தைக் கோடையிலேயே அளந்து குறித்து, அதற்குரிய திறந்த மறைப்பையும் அமைத்துவிட வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் வேலையை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே பனியில் நின்று பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கும். வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால், தெருக் கம்பியின் இணைப்பைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கும் மாற்று சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வதுதான் வழி.

ஜெனரேட்டரே இல்லாத வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களில் எரிவாயுவில் இயங்கும் புதிய வகைகள் பலவற்றில் காற்றை உள்ளிழுக்கவும் புகையை வெளியேற்றவும் சுவரின் வெளிப்புறத்தில் இரு பிளாஸ்டிக் குழாய்கள் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பனியை வாரிக் கொண்டுவந்து அந்தச் சுவரோரம் குவித்தால் அவை மூடிப்போகும். பனி பெய்துகொண்டிருக்கும்போதே இடையிடையே வெளியே போய் அவற்றைச் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். யார் போவது என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. பின்பக்கத்தில் தயாரித்த நாளோ, மாற்ற வேண்டிய நாளோ பொறித்திருக்கும். உள்ளே இருக்கும் உணரி காலப்போக்கில் செயலிழந்துவிடும் என்பதால், வகைக்கு ஏற்ப 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் கருவியையே மாற்ற வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் வரும் ஒலி, ஒலிபெருக்கியும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றன என்பதை மட்டுமே பெரும்பாலும் காட்டும். மின்சாரத்தில் மட்டும் இயங்கும் கருவி மின்தடையின்போது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். பேட்டரியும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பேட்டரி தீரும்போது வரும் ஒற்றைக் கீச்சொலிக்கும், தொடர்ந்து விட்டுவிட்டு அடிக்கும் ஆபத்து ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலுள்ள குழந்தை உட்பட எல்லோருக்கும் ஒரு முறை கேட்கச் செய்திருக்கிறேன். ஆபத்து ஒலி கேட்டால் சன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்து பார்ப்பதல்ல, எல்லோரும் வெளியேறிய பிறகு தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் விதி. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாத தலைவலியும் குமட்டலும் வந்தால், கருவி அமைதியாக இருந்தாலும், அதையும் ஆபத்து ஒலியாகவே கொள்ள வேண்டும்.

தண்ணீர்க் குழாய்களின் கதை வேறு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது என்று பள்ளியில் படித்த நாம், பனிக்கட்டி விரிந்து குழாயைப் பிளக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் நடப்பது சற்று வேறானது. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக உருவாகி வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய்த்திருகுக்கும் நடுவே சிக்கிய நீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. வெடிப்பது அந்த இடைப்பகுதியில் எங்கோ. இதைப் புரிந்துகொண்டால், கடுங்குளிர் இரவில் குழாயைச் சற்றே திறந்து மெல்லிய தாரையாக நீரை ஒழுகவிடச் சொல்வதன் காரணம் விளங்கிவிடும். ஓடும் நீர் உறைவதைத் தாமதிக்கச் செய்வது ஒரு பயன்; உறைந்துவிட்டாலும் அழுத்தம் வெளியேறத் திறந்த வாய் இருப்பது அதைவிடப் பெரிய பயன். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களே முதலில் உறைபவை. ஆகவே கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பம் உள்ளே போகும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் வெப்பமூட்டியை அணைத்துவிடாமல், 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

உறைந்த குழாயை இளக்கும்போது திறந்த சுடரைக் காட்டக் கூடாது. குழாய்த்திருகைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைமுடி உலர்த்தியாலோ சூடான துணியாலோ, திருகுக்கு அருகிலிருந்து தொடங்கி உறைந்த பகுதியை நோக்கிச் செல்ல வேண்டும். குழாய் வெடித்தே விட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டுக்கு வரும் நீரை நிறுத்தும் முதன்மை வால்வை மூடுவது. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. பல ஆண்டுகள் திருகப்படாத வால்வு இறுகிப்போய்க் கைக்கு அசையாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக்க மூடி, குழாயில் நீர் நிற்கிறதா என்று பார்த்து, மீண்டும் திறந்து வைத்தால்தான் வேண்டிய இரவில் அது நம் சொல் கேட்கும். எங்கள் வீட்டில் அது நிலவறையின் மூலையில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. பெட்டிகளை அகற்றி, வால்வில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, மூடும் திசைக்குச் சுவரில் அம்புக்குறி வரைந்திருக்கிறோம். அகற்றிய இடத்தில் மறுபடியும் பெட்டி குவியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

குடிநீர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் குறைந்தது மூன்று நாட்களுக்கு வேண்டும். அதில் ஏறத்தாழ பாதி குடிக்க, மீதி சமைக்கவும் துப்புரவுக்கும். புயல் வருகிறது என்ற அறிவிப்பு கேட்டதும் குளியல் தொட்டியிலும் வாளிகளிலும் பிடித்து வைக்கும் நீர், கழிப்பறைக்குப் போதும். நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு அதிகாரிகள் அறிவித்தால், தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமைக்காமல் உண்ணக்கூடியதும், வீட்டார் வழக்கமாக உண்பதுமான உணவாக இருக்கட்டும். டப்பா திறக்கும் கையுளி அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். வெளியேதான் பனியாகக் கிடக்கிறதே, உணவை அங்கே வைத்துவிடலாமே என்று தோன்றும். பகல் வெயிலில் பெட்டிக்குள் வெப்பநிலை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, விலங்குகளும் வரும். வெளிக்குளிரில் புட்டிகளில் நீரை உறையவைத்து, அவற்றை உள்ளே கொண்டுவந்து உணவோடு பெட்டியில் வைப்பது இதைவிடப் பாதுகாப்பானது.

மருந்துகளில் இன்சுலினைப் பற்றிய கவலை எப்போதும் வெப்பத்தைப் பற்றியதாகவே இருக்கும். குளிர்காலத்தில் அது தலைகீழாகிறது. உறைந்துபோன இன்சுலின், இளகியபின் பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் பயன்படுத்தத் தகாதது. வீடு உறைநிலைக்கு அருகே வந்துவிட்டால் அதை உடலை ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற, மின்சாரத்தை நம்பிய மருத்துவக் கருவி உள்ள வீட்டார், அந்த விவரத்தை மின்வழங்கு நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வழியிருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்ததால் மின்சாரம் நிற்காது என்று எண்ணிவிடக் கூடாது. கருவியின் மாற்று பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், அது தீருமுன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு நம்முடையதுதான். புயலுக்கு முன்பே கிளம்பிவிடுவதே இத்தகைய வீடுகளுக்குப் பல வேளைகளில் சரியான முடிவு என்பது என் எண்ணம்.

வெளியே போகலாமா என்ற கேள்விக்கு, 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சூழ்ந்த பனிப்புயல் கடுமையான விடை தந்தது. கண்ணெதிரே எதுவும் தெரியாத பனிக்காற்று ஒரு நாளுக்கும் மேலாக நீடித்த அந்தப் புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காருக்குள் சிக்கியவர்களும், நடந்து போகையில் விழுந்தவர்களும், ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாததால் வீட்டிலேயே இறந்தவர்களும் அவர்களில் உண்டு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். காருக்குள் சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்காமல் காரிலேயே இருப்பதும், புகைபோக்கியைச் சுற்றிய பனியை அகற்றிய பிறகே, மணிக்கு 10 நிமிட அளவில் மட்டும் எஞ்சினை ஓட்டுவதும், அப்போது காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதும் உயிர் காக்கும். அதற்கென்று காரில் மண்வாரி, போர்வை, டார்ச், தண்ணீர், உணவு ஆகியவை குளிர்காலம் முழுவதும் இருக்க வேண்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

புயல் ஓய்ந்தபின் பனியை வாரும் வேலையும் எளிதன்று. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நேரத்தில், கைகளால் பாரம் தூக்கும் அந்தத் திடீர் உழைப்பு இதயத்தின் மேல் பெரும் சுமையை ஏற்றுகிறது. இதய நோய் உள்ளவர்களும், உடலுழைப்புப் பழக்கம் இல்லாத நடுவயதைத் தாண்டியவர்களும் அதை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். செய்கிறவர்களும் தூக்கி எறியாமல் தள்ளி ஒதுக்குவது நல்லது. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் மண்வாரியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்து, உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும்.

இந்த ஆயத்தத்தின் பெரும்பகுதி வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தீவிபத்துக்கும் அப்படியே உதவும். தண்ணீர், மருந்து, ஆவணங்களின் நகல், சிறிது ரொக்கம், பேட்டரி வானொலி ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. மாறுவது முடிவுகள்தான். தீயில் உடனே வெளியேற வேண்டும், எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. வீட்டுக்கு வெளியே கூடும் இடம் ஒன்றும், தெருவுக்குள்ளேயே வர முடியாவிட்டால் கூடும் இடம் ஒன்றும் பேசி வைத்திருக்க வேண்டும். நிலநடுக்கத்தில் ஓடக் கூடாது. உறுதியான மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொண்டு அதைப் பற்றியிருக்க வேண்டும். எரிவாயு கசியும் மணம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேற வேண்டும். ஒருமுறை மூடிய எரிவாயு இணைப்பை நாமே திறக்கக் கூடாது. தொலைபேசி இணைப்பு நெரிசலாக இருக்கும் நேரத்தில் அழைப்பைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போய்ச்சேரும் என்பதும், புயல் தொடாத வெளியூரில் உள்ள உறவினர் ஒருவரை எல்லோரும் செய்தி சொல்லும் ஆளாக முன்பே குறித்துவைப்பதும் எல்லா ஆபத்துக்கும் பொதுவானவை. அவருடைய எண் தாளிலும் இருக்க வேண்டும், கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது.

எழுதிவைத்த தாள் சரியானதுதானா என்று பார்க்க ஒரே வழி, குளிர் தொடங்கும் முன் ஒரு மாலையில் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு அந்தத் தாளின்படி வாழ்ந்து பார்ப்பது. எந்தப் பட்டியலும் சொல்லாத செய்திகளை அந்த மாலை சொல்லும். மின்சாரத்தில் திறக்கும் கராஜ் கதவைக் கையால் விடுவிக்கும் கயிறு, பெரியவர்களில் உயரமானவருக்கு மட்டுமே எட்டும் என்பது தெரியவரும். டார்ச்சின் வெள்ளை வெளிச்சத்தில், என் தாயாரின் இரத்த அழுத்த மாத்திரை அட்டையும் நீரிழிவு மாத்திரை அட்டையும் ஒரே மாதிரிப் பளபளத்தன. பகலில் நிறத்தைப் பார்த்தே எடுத்துப் பழகியவர், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். அன்றே தடித்த எழுத்தில் "காலை", "இரவு" என்று எழுதி ஒட்டினோம். மெழுகுவர்த்திகளை எங்கள் தாளிலிருந்தே நீக்கிவிட்டோம். கம்பளிகளும் திரைகளும் நெருங்கிக் கிடக்கும் ஒரே அறையில் குழந்தையோடு இருக்கும்போது திறந்த சுடர் எதற்கு? எல்.இ.டி. விளக்கு ஒன்றும் மாற்று பேட்டரியும் போதும்.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்கும் சில வரிகள் ஒதுக்க வேண்டும். மின்தடை தொடங்கியதுமே ஹீட்டர், அடுப்பு, கணினி ஆகியவற்றின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால், மின்சாரம் வந்ததை அது காட்டிக்கொடுக்கும். திரும்பி வரும் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வும் கருவிகளைத் தாக்காது. பிறகு ஒவ்வொன்றாக இணைக்கலாம். தனியாக வைக்கும் ஹீட்டரை நீட்டிப்பு வயரில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகி, திரை, போர்வை, மரச்சாமான் எதுவும் ஒரு மீட்டருக்குள் இல்லாதபடி வைக்க வேண்டும். ஃப்ரீசரில் பனிக்கட்டித் துகள்கள் இன்னும் தங்கியிருக்கும் உணவை மீண்டும் உறையவைக்கலாம். வெதுவெதுப்பாகிவிட்டதைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் எறிந்துவிட வேண்டும். மூடியிருந்த முதன்மை நீர் வால்வை மெல்லத் திறந்து, எல்லாக் குழாய்களின் அடியிலும் ஈரம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்த குழாயில் விழுந்த விரிசல், பனிக்கட்டி இளகிய பிறகுதான் ஒழுகத் தொடங்கும்.

நம் வீட்டில் விளக்கு எரிந்ததால் தெரு முழுவதும் எரிகிறது என்று பொருளல்ல. மின்வழங்கு நிறுவனங்கள் பொதுவாகப் பெரிய தடங்களை முதலில் சரிசெய்துவிட்டு, மரக்கிளை விழுந்து அறுந்த தனி வீட்டு இணைப்புகளுக்குக் கடைசியில்தான் வருவார்கள். பக்கத்து வீட்டுக்குள் சூடு வந்துவிட்டதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அங்கே தனியாக வாழ்பவர் தாமாக வந்து கேட்கவும் மாட்டார். ஆகவே எங்கள் தாளின் கடைசி வரியில் அப்படி வாழும் இருவரின் வீட்டு எண்கள் இருக்கின்றன. மின்தடை தொடங்கிய அன்று மாலையும், மின்சாரம் திரும்பிய உடனேயும் அந்தக் கதவுகளைத் தட்ட வேண்டியவர் யார் என்பது அதன் எதிரே எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் வீடு இன்னும் குளிர்ந்து கிடந்தால், அன்றிரவு அவர்களுக்கு எங்கள் வீட்டின் எந்த அறை என்பதும்.